பழைய போர்ஷேவுக்குப் பொருத்தமான சாவியும் சாவிப்பட்டையும்: மும்பையிலிருந்து தேடுவது எப்படி

நான் கார் சீட் தைக்கிறவன். சாவி என் தொழில் இல்லை. ஆனால் காருக்குள் தோல் எங்கெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். சாவிக்கொத்தில் தொங்கும் தோல்பட்டையும் அப்படித்தான் வந்தது. மாட்டுங்காவில் ஒரு பெரியவர், 1964 மாடல் போர்ஷே 356 சி வைத்திருக்கிறார். சீட்டுக்கு எந்தத் தோல், எந்த நிறம், எத்தனை தையல் என்று மூன்று மாதம் பேசிப் பேசி முடிவு செய்தவர். வேலை முடிந்து வண்டியை எடுக்க வந்த அன்று சாவியை என் கையில் வைத்து, "தம்பி, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க"ன்னார். சாவியில் ஒரு சைக்கிள் கடை இரும்பு வளையம், அதில் தேய்ந்துபோன ஒரு பிளாஸ்டிக் வில்லை. அன்றிலிருந்து இரண்டு வருடம் இந்த விஷயத்தில் அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், இதே தேடலில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பணமாவது மிச்சமாகட்டும்.

முதலில் 'ரீப்ரொடக்‌ஷன்' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம், கடைக்காரர்கள் எல்லாவற்றுக்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கார் நிறுவனமோ அதன் உரிமம் வாங்கியவரோ பழைய பொருளைத் திரும்பச் செய்து விற்பது ஒரு வகை. சின்னம் எதுவும் போடாமல், அந்தக் காலத்துத் தோல், அந்தக் காலத்து வடிவம் என்று பார்த்துச் செய்வது இன்னொரு வகை. இவை இரண்டும் நேர்மையான பொருள்கள். மூன்றாவது, உரிமம் இல்லாமல் சின்னத்தை அச்சடித்து விற்பது. அதை அமிலத்தில் போட்டு, மண்ணில் புதைத்து, பச்சைக் களிம்பு ஏற்றி 'அசல்' என்று விற்பவர்களும் உண்டு, அது சுத்த மோசடி. நீங்கள் வாங்க வேண்டியது முதல் இரண்டில் ஒன்று. ஒரு நல்ல நகல் தன்னை நகல் என்றே சொல்லிக்கொள்ளும். விற்பவர் அதைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? கடையிலிருந்து இல்லை, காரின் வருடத்திலிருந்து. போர்ஷேவின் கேடயச் சின்னம் 1952இல்தான் வரையப்பட்டது. முதலில் ஸ்டீயரிங்கின் நடுவில் வந்தது, பானெட் கைப்பிடிக்கு 1954இல் ஏறியது. அப்படியென்றால் 1951 மாடல் காருக்குக் கேடயம் போட்ட சாவிப்பட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் பொருந்தாது. கேடயமும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை, 1963, 1973, 1994, 2008, 2023 என்று பலமுறை திருத்தியிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் கறுப்புக் குதிரை ஸ்டுட்கார்ட் நகரத்துடையது, அந்த ஊரின் பெயரே குதிரைப் பண்ணையிலிருந்து வந்தது. சுற்றியுள்ள மான்கொம்பும் சிவப்பு கறுப்புப் பட்டையும் வூர்ட்டம்பர்க் பகுதியின் அடையாளம். பழைய சின்னங்களில் அந்தச் சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சுச் சாயலில் இருக்கும், பின்னால் வந்தவற்றில் அடர்ந்துவிட்டது. 1960களின் காருக்கு என்று சொல்லி அடர்சிவப்பில் ஒன்றைக் காட்டினால் ஒருமுறை யோசியுங்கள். உங்கள் வருடத்துக் காரின் பானெட் சின்னத்தைப் பல கோணங்களில் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்வது நல்லது. குதிரையின் பிடரி, எழுத்துகளின் தடிமன், மான்கொம்பின் கிளைகள், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி போலிகள் விழுந்துவிடும்.

இப்போது சாவி. பட்டையைத் தேடுவதற்கு முன்பு சாவியைச் சரி செய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு பட்டறைக்கு வந்த ஒரு பழைய காரின், பி.எம்.டபிள்யூ 2002 என்ற மாடலின் சாவி, பைக்குல்லா பாலத்துக்குக் கீழே, என் கையிலேயே ஸ்டீயரிங் பூட்டுக்குள் முறிந்தது. தெருவோரத்தில் எண்பது ரூபாய்க்கு வெட்டிய நகல், அதுவும் நகலின் நகல். வெயிலில் மூன்று மணி நேரம் நின்று, பூட்டைக் கழற்றி, பாதிச் சாவியை மெல்லிய ரம்ப பிளேடால் இழுத்து எடுத்தோம். உள்ளே இருந்த பித்தளைத் தகடுகளைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தக் காலத்துக் கார்ப் பூட்டுகளில் பெரும்பாலும் வரிசையாக மெல்லிய தகடுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சாவியில் ஒரு பள்ளம். ஐம்பது வருடம் போட்டு எடுத்ததில் சாவியின் பள்ளங்கள் மழுங்கியிருக்கும். தேய்ந்த சாவியை வைத்து நகல் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகிறது. அந்த நகலை வைத்து இன்னொன்று வெட்டினால் கேட்கவே வேண்டாம்.

அதனால் சாவியைப் பார்த்துச் சாவி வெட்டாதீர்கள். எண்ணைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். ஜெர்மன் கார்களின் பழைய சாவிகளில் ஓர் எண் பொறித்திருக்கும், பல சாவிகளில் எண்ணுக்கு முன்னால் ஓரிரு எழுத்துகளும் இருக்கும். எழுத்து சாவியின் குறுக்குவெட்டு வடிவத்தைச் சொல்கிறது, எண் பள்ளங்களின் ஆழத்தைச் சொல்கிறது. சாவியில் அழிந்துபோயிருந்தாலும் பல கார்களில் பூட்டு உருளையிலோ கதவுக் கைப்பிடியின் உட்பகுதியிலோ அதே எண் கிடைக்கும், கைப்பிடியைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கலாம். எண்ணே கிடைக்கவில்லை என்றால் பூட்டு உருளையை வெளியே எடுத்து, தகடுகளின் உயரத்தை அளந்து, அதன்படி புதுச் சாவி வெட்டச் சொல்ல வேண்டும். மும்பையில் இதைப் பொறுமையாகச் செய்கிற பூட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் தேட வேண்டும். "சாவி செய்வீங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். "பூட்டைப் பிரிச்சுத் தகடு அளந்து செய்வீங்களா?" என்று கேளுங்கள். ஆர்.சி. நகலைக் கையோடு கொண்டு போங்கள், அதைக் கேட்கிற பூட்டுக்காரர்தான் நம்பத் தகுந்தவர்.

வெட்டாத சாவியை, பிளாங்க் என்பார்களே அதை, நீங்களே வாங்கிக் கொடுப்பது மேல். அந்தக் காலத்து ஜெர்மன் சாவிகள் பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசியவை, அல்லது ஜெர்மன் சில்வர். ஜெர்மன் சில்வர் என்றால் நம் வீடுகளில் குங்குமச் சிமிழும் குத்துவிளக்கும் வாங்குகிறோமே அதே பெயர்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம், வெள்ளி துளியும் கிடையாது. ஒரு சின்னக் காந்தம் சட்டைப் பையில் இருக்கட்டும். பிளாங்க் காந்தத்தில் உறுதியாக ஒட்டினால் அது எஃகு. எஃகுச் சாவி வலுவாகத் தெரியும், ஆனால் பூட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகளைச் சீக்கிரம் தின்றுவிடும். பிளாங்க்கின் தலையில் என்ன பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். ஜெர்மனியில் வெல்பர்ட் என்ற ஊர் பூட்டுத் தொழிலுக்குப் பேர்போனது, நம்மூர் திண்டுக்கல் மாதிரி, பூட்டுக்கென்றே அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. 1908இல் அந்த ஊரில் தொடங்கிய ஹூஃப் நிறுவனத்தின் பெயர் பல ஜெர்மன் கார்ச் சாவிகளில் இருக்கும். ஸ்டீயரிங் பூட்டு உள்ள கார்களில் நைமன் என்ற பெயரும் பார்க்கலாம். உங்கள் பூட்டின் முகத்தில் எந்தப் பெயரோ சாவித் தலையிலும் அதுவே இருந்தால் பொருத்தம் முழுமையாகும். மற்றபடி இத்தாலியின் சில்க்கா போன்றவர்களின் பிளாங்க்கும் நன்றாகவே வேலை செய்யும், தினசரி ஓட்டத்துக்கு அதை வைத்துக்கொண்டு, பெயர் பொறித்ததைக் கண்காட்சிக்கு எடுத்துப் போகலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாவி கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படமெடுத்து வாட்ஸாப் குழுக்களில் போடாதீர்கள். எண் தெரிந்தால் போதும், பள்ளம் தெளிவாகத் தெரிந்தாலும் போதும், யார் வேண்டுமானாலும் அதே சாவியை வெட்டிக்கொள்ளலாம்.

அடுத்து பட்டையும் அதன் மேலே இருக்கும் உலோக வில்லையும். அந்தக் காலத்தில் கார் வாங்கினால் டீலர் ஒரு தோல் சாவிப்பட்டை கொடுப்பார், மேலே எனாமல் சின்னம், பின்பக்கம் டீலரின் பெயர், ஊர். நல்ல வில்லையில் இருப்பது உண்மையான எனாமல், அதாவது கண்ணாடித் தூளைப் பித்தளை அல்லது செம்பின் பள்ளத்தில் நிரப்பி 750 முதல் 850 டிகிரி சூட்டில் உருக்கியது. நம் ஜவேரி பஜாரில் வளையலுக்கும் தோட்டுக்கும் செய்யும் மீனா வேலையும் இதே குடும்பம். இன்று விலை குறைந்த வில்லைகளில் இருப்பது ரெசின், அதாவது நிறம் கலந்த பிசின். வித்தியாசம் கண்டுபிடிக்க நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு உருப்பெருக்கி ஒன்று போதும். சுட்ட எனாமலில் நிறமும் உலோகக் கோடும் ஒரே சமதளத்தில் இருக்கும், ஏனென்றால் சுட்டபிறகு கல்லால் தேய்த்து மெருகு போடுவார்கள். ரெசின் பள்ளத்துக்குள் சற்றுத் தாழ்ந்து கிடக்கும், அல்லது மேலே ஒரு சொட்டு நீர்போல உப்பியிருக்கும். ஒரு குண்டூசி முனையை ஓரத்தில் லேசாக வைத்து அழுத்தினால் ரெசினில் பதியும், கண்ணாடியில் வழுக்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் நானும் ஒன்று வாங்கினேன். விற்றவர் பழக்கமானவர், 1960களின் டீலர் கொடுத்த அசல் என்றார், நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். மே மாதம் ஒரே ஒரு நாள் கார் வெயிலில் நின்றது. மாலையில் பார்த்தால் வில்லையின் மேல்பூச்சு மஞ்சளாகி, குதிரைக்கு மேலே ஒரு கொப்புளம். சுட்ட கண்ணாடி எத்தனை மே மாதத்தையும் தாங்கும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கியது என் மனதை ரொம்ப நாள் அரித்தது, ஏனென்றால் விஷயம் முழுவதும் அங்கேதான் எழுதியிருந்தது.

ஆமாம், பின்பக்கம்தான் முக்கியம். பழைய ஜெர்மன் வில்லைகளின் முதுகில் சின்ன எழுத்துகள் இருக்கும். 'கெஸ். கெஷ்.' என்று சுருக்கமாக இருந்தால் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது என்று பொருள். டி.ஆர்.ஜி.எம். என்றிருந்தால் அது ஜெர்மன் ரைஷ் காலத்துப் பயன்பாட்டு மாதிரிப் பதிவு, உலகப் போர் முடிவதற்கு முந்தைய வழக்கம். கூட்டாட்சிக் குடியரசு 1949இல் அமைந்தபிறகு வந்தது டி.பி.ஜி.எம். ஆகவே 1964 காருக்கான அசல் என்று சொல்லி டி.ஆர்.ஜி.எம். முத்திரையுள்ள வில்லையை நீட்டினால், யாரோ பழைய வில்லை ஒன்றின் முதுகையும் இன்னொன்றின் முகத்தையும் சேர்த்து அச்செடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 'மேற்கு ஜெர்மனியில் செய்தது' என்ற வாசகம் இருந்தால் 1990இல் இரண்டு ஜெர்மனிகளும் இணைவதற்கு முந்தைய வழக்கம் அது. ஆனால் இதையும் போலிக்காரர் பொறிக்கலாம், ஆகவே எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். அச்சில் ஓங்கி அடித்த வில்லையில் எழுத்து கூர்மையாக, கத்தியால் வெட்டியது போலிருக்கும். வார்ப்பில் செய்ததில் எழுத்து சோப்புக் கட்டியில் எழுதியது போல மழுங்கியிருக்கும், ஊசிமுனை அளவுக் குழிகளும் ஓரத்தில் ராவிய தடமும் தெரியும்.

தோலைப் பற்றி நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். அந்தக் காலத்துப் பட்டைகளில் நான் பிரித்துப் பார்த்தவை எல்லாம் மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோல், பட்டைத் தோல் என்போம். இன்று சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது குரோமியம் உப்பில் பதனிட்டது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோலில் உள்ளே வரை ஒரே பழுப்பு. குரோம் தோலில் நடுவே சாம்பல் நீலம் தெரியும், சாயம் ஏற்றியிருந்தால் அது மறைந்துமிருக்கலாம். விற்பவர் ஒரு துணுக்கு கொடுத்தால் கொளுத்திப் பாருங்கள், குரோம் தோலின் சாம்பல் பச்சையடிக்கும். பட்டைத் தோலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே கறுத்து, காய்ந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பும். தையலில் ஒரு விஷயம் பலர் தவறாக நினைக்கிறார்கள். கையால் இரண்டு ஊசி போட்டுத் தைத்ததுதான் உசத்தி, அதுதான் அசல் என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். எனக்குக் கிடைத்த பழைய டீலர் பட்டைகள் அத்தனையும் மெஷினில் நெருக்கமாகத் தைத்தவை. கைத்தையல் அழகுதான், நானே போடுவேன், ஆனால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பட்டை எதற்கு என்பதையும் மறக்க வேண்டாம். 356இன் டேஷ்போர்டு பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு. பெரியவர் வண்டியில் சாவி நுழையும் துளைக்குக் கீழே பிறை வடிவத்தில் ஒரு கீறல் இருந்தது, கட்டைவிரல் நீளம், பெயிண்ட் போய் அடியில் இருந்த பிரைமர் வரை தெரிந்தது. அந்த சைக்கிள் வளையம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஆடி ஆடிக் கீறியது அது. தோலின் அகலம் வளையத்தையும் மற்ற சாவிகளையும் மூடி, தகட்டில் படுவது தோலாக மட்டுமே இருக்க வேண்டும். கனமான கொத்து வேண்டாம், வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் தனிக்கொத்தில் இருக்கட்டும், அந்தக் கனம் இக்னிஷன் பூட்டைத் தொடர்ந்து கீழே இழுத்துத் தேய்க்கும். இடப்பக்க ஸ்டீயரிங் உள்ள போர்ஷே 911இல் சாவி ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் இருப்பதால், நீளப் பட்டை போட்டால் முழங்காலில் இடிக்கும். அதற்குக் குட்டையாக வாங்குங்கள்.

எங்கே வாங்குவது? முதல் கதவு நிறுவனத்துடையது. போர்ஷே கிளாசிக் பழைய மாடல்களுக்கு உதிரி பாகம் தருகிறது, மும்பையில் உள்ள டீலர் மூலமாகவே காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து விசாரிக்கலாம். பழைய மெர்சிடிஸ் எஸ்.எல். வைத்திருந்தால் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஃபெல்பாகில் இருக்கும் மெர்சிடிஸ் பென்ஸ் கிளாசிக் சென்டர், பி.எம்.டபிள்யூவுக்கு மியூனிக்கில் பி.எம்.டபிள்யூ குரூப் கிளாசிக். பதில் வரத் தாமதமாகும், ஆனால் வருகிற பொருளில் சந்தேகம் இருக்காது. இரண்டாவது, 356, 911க்கென்றே பாகங்கள் விற்கும் வெளிநாட்டுக் கடைகள். அமெரிக்காவில் ஸ்டாடர்ட், சியரா மாட்ரே இரண்டும் இதில் பெயர் பெற்றவை. மூன்றாவது ஜெர்மனியின் சந்தைகள். வெட்டராமா, டெக்னோ கிளாசிகா மாதிரிப் பழைய கார்ச் சந்தைகளுக்குப் போகிற நண்பர் யாராவது இருந்தால் படத்தையும் அளவையும் கொடுத்து அனுப்புங்கள். ஜெர்மன் மொழியில் தேடினால் கிடைப்பது வேறு உலகம். சாவிப்பட்டைக்கு ஷ்லூசல்ஆன்ஹெங்கர், வெட்டாத சாவிக்கு ஷ்லூசல்ரோலிங், நகலாகச் செய்ததற்கு நாக்ஃபெர்டிகுங் என்பார்கள். கடைசிச் சொல்லை விளம்பரத்தில் அவர்களே எழுதியிருந்தால் அது நேர்மையான விற்பனையாளரின் அறிகுறி.

சோர் பஜாரைப் பற்றிக் கேட்பீர்கள். மட்டன் தெருவில் கார்ச் சின்னங்கள், பழைய மீட்டர்கள், கைப்பிடிகள் குவிந்து கிடக்கும், நான் இன்றும் போகிறேன். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், கடைகள் மூடியிருக்கும். அங்கே சின்னம் வாங்குவதைவிடப் பழைய வளையம், கொக்கி, அழுத்துப் பொத்தான் வாங்குவது புத்திசாலித்தனம். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ஜெர்மன் சாவிப்பையின் பொத்தானில் 'பிரிம்' என்ற பெயர் பொறித்திருந்ததை அங்கேதான் ஒரு டப்பாவுக்குள் கண்டேன், நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பிரிம் ஜெர்மனியின் பழைய பொத்தான் தயாரிப்பாளர்களில் ஒருவர். அந்த ஒரு பொத்தானை வைத்துத்தான் பெரியவரின் பட்டையே உருவானது.

வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர்காரரின் கட்டணம் மூன்றும் சேரும், ஆதார் அல்லது பான் கொடுத்து கே.ஒய்.சி. முடிக்க வேண்டும். சின்னப் பொருள்தானே, பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். 2019 டிசம்பரிலிருந்து பரிசாக வரும் பார்சலுக்கான சலுகையை ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர மற்றவற்றுக்கு எடுத்துவிட்டார்கள். சரியான விலைப்பட்டியலோடு வரட்டும். உரிமமில்லாத சின்னம் போட்ட பொருளைச் சுங்கத்தில் நிறுத்திவைக்க 2007ஆம் வருட விதிகள் இடம் கொடுக்கின்றன, சொந்த உபயோகத்துக்கான சின்னப் பார்சலுக்கு அதில் விலக்கு உண்டு என்றாலும் மலிவான போலிக்கு ஆசைப்படாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பார்சலாகத் தருவித்தால் அனுப்பும் செலவு பங்காகும்.

கடைசி வழி, எனக்குப் பிடித்த வழி, இங்கேயே செய்துகொள்வது. தாராவியில் தோல் தொழிலை ஊன்றியவர்களில் திருநெல்வேலியிலிருந்து வந்த நம் ஆட்கள் நிறையப் பேர். எனக்குத் தோல் கொடுக்கும் பாய் அந்த வழியில் மூன்றாம் தலைமுறை. அவரிடம், "பாய், குரோம் வேணாம், பட்டைத் தோல் வேணும், ரெண்டு மில்லிமீட்டர்"ன்னேன். உள்ளே போய் ஒரு சுருளை எடுத்து வந்து மூக்கருகே நீட்டினார். அந்த வாசனையை என் அப்பாவின் சட்டையில் முகர்ந்திருக்கிறேன். திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் தோலுக்கு ஈ.ஐ. லெதர், அதாவது ஈஸ்ட் இந்தியா லெதர் என்று பெயர், புவிசார் குறியீடும் வாங்கியது. பாய் கொடுத்தது அந்த வகை. ஆட்டுத்தோலை விட மாட்டுத்தோல் இதற்குச் சரி, நீண்டு தொங்காது.

பழைய பட்டை ஒன்றின் அளவை யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள், வடிவத்தைக் காகிதத்தில் வெட்டிச் சாவியோடு சேர்த்துக் காரில் போட்டுப் பாருங்கள், வளைவு சரியா, தகட்டில் எங்கே படுகிறது என்று. அப்புறம் தோலை வெட்டி, ஓரத்தை ஈரப்படுத்தி, மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து மினுக்கேற்றி, மெஷினில் ஒரே சுற்றுத் தையல். மேலே சின்னம் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற வில்லையைத் தனியாக வாங்கிப் பதியுங்கள். ஜவேரி பஜாரில் கேடயத்தை அப்படியே மீனா வேலையில் செய்து தருகிறேன் என்பவர்கள் கிடைப்பார்கள், கைவேலை அபாரமாகவே இருக்கும், ஆனாலும் அது அடுத்தவருடைய சின்னம். பெரியவர் வில்லையே வேண்டாம் என்றார். அந்த பிரிம் பொத்தான் மட்டும் போதும் என்றார், அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நான் செய்யும் ஒவ்வொரு பட்டையின் உள்பக்கத்திலும், மடிப்புக்குள் மறைகிற இடத்தில், செய்த வருடத்தையும் மும்பை என்ற சொல்லையும் சூட்டு அச்சால் பதித்துவிடுகிறேன். முப்பது வருடம் கழித்து அந்தத் தோல் கறுத்து, ஓரம் தேய்ந்து, அசல் போலவே ஆகிவிடும். அப்போது யாராவது அதை 1964ஆம் வருடத்துப் பொருள் என்று சொல்லி விற்க வந்தால், வாங்குகிறவர் மடிப்பைத் திறந்து பார்க்கட்டும்.